முதுகு பற்றிய தீர்மானம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: வெற்றிச் சதுக்கத்தில் நின்று நம் நகரைக் காத்துவரும் மாண்புமிகு தளபதியின் வெண்கலச் சிலையால் எவர் மனமும் புண்படவில்லை என்று சின்னங்கள் நல்லிணக்க வாரியம் நெடிய ஆலோசனைக்குப் பின் ஒருமனதாகக் கண்டறிந்துள்ளது. இதற்கு மாறாக எவருக்கேனும் மனம் புண்பட்டிருப்பின், அன்னார் மேற்படி புண்ணுடன் அலுவலக நேரத்தில் நேரில் ஆஜராக வேண்டியது. மதிய உணவு இடைவேளையில் புண்கள் பார்வையிடப்பட மாட்டா.

பல்லுக்காரர் இந்த அறிவிப்பைத் தன் கடைப் பலகையின் மீதே படிக்க நேர்ந்தது. ‘பல் கட்டப்படும்’ என்ற எழுத்துகளை மறைத்து அதன் மேலேயே ஒட்டியிருந்தார்கள். ஊரில் வேறு சுவர் இல்லாமல் இல்லை. ஆனால் அது அக்கரைக்காரன் கடை.

ஆறு ஒன்றுதான். பாலமும் ஒன்றுதான். ஆனால் இக்கரையில் இருப்பவர்களுக்கு, அக்கரையில் இருந்து வந்தவர்கள் மந்தம், அழுக்கு, பொய். வார்த்தையை வாய்க்குள் சூடாக எதையோ வைத்துக்கொண்டு இழுப்பவர்கள். பல்லுக்காரரின் தாத்தா பாலத்தைக் கடந்து வந்தவர். அப்பா இக்கரையில் பிறந்து, இக்கரையில் வரி கட்டி, இக்கரையிலேயே செத்தும் போனார். அவ்வளவு முயன்றும் இக்கரைக்காரர் ஆகவில்லை.

ஊரில் பல் போன பெரிய மனிதர்களுக்கெல்லாம் பல் கட்டிக்கொடுத்தவர் பல்லுக்காரர்தான். அந்தப் பல்லைக் காட்டித்தான் அவருடைய பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். தொழில் சுத்தம் காரணமாக அந்தச் சிரிப்பு மிக அழகாகவும் இருந்தது. இதையெல்லாம் அவர் பழகிக்கொண்டுவிட்டார். பழகிக்கொள்ள முடியாமல் போனது மகள் விஷயம்.

சதுக்கத்துச் சிலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். எந்தக் காலத்திலோ இரு கரைகளுக்கும் நடந்த சண்டையில் தளபதி ஆற்றைக் கடந்துபோய் ஜெயித்தாராம். அதைச் சிற்பி இப்படி வார்த்திருந்தார்: அக்கரைக்காரர் ஒருவர் கைகளை முட்டியில் ஊன்றிக் குனிந்து நிற்கிறார். அவர் முதுகின் மேல் தளபதியின் வலது கால். இடது கால் முன்னோக்கி அந்தரத்தில் நீண்டிருக்கிறது. அது முன்னேற்றத்தைக் குறிக்கிறதாம். ஓங்கிய கையில் சாட்டை.

சதுக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடம். காலையில் சிலையடியில் கூடும் பிள்ளைகள் ‘சிலை ஆட்டம்’ ஆடுவார்கள். தளபதியாக இருக்கத் தினம் ஓர் ஆள் மாறும். குனிபவர் மாறுவதில்லை. வகுப்பில் அக்கரைப் பிள்ளை பல்லுக்காரரின் மகள் ஒருத்திதான்.

தலைமையாசிரியையிடம் பல்லுக்காரர் போய்ச் சொன்னபோது அந்த அம்மாள் மகிழ்ந்து போனார். “நாங்க புத்தகத்துல மட்டும் வரலாறு சொல்லித் தர்றதில்லைங்க. பிள்ளைங்க தானாவே செஞ்சு பார்த்துக் கத்துக்கறாங்க பாருங்க!” என்றார்.

மகள் அதன் பிறகு சாக்கடை ஓரமாகச் சுற்றிப் போனாள். சுற்றிப் போனதில் மணி அடித்துவிட்டது. தாமதமாக வந்ததற்காக வெயிலில் நிறுத்தினார்கள். ஒருநாள் புத்தகப் பையைக் கூடத்து மூலையில் வைத்துவிட்டு, “இனிமே நான் போகலைப்பா” என்றாள்.

“படிக்காம என்ன பண்ணப் போறே பாப்பா?”

“குனியறதுக்குத்தானே போறேன். அதை வீட்லயே செய்யலாம்.”

அம்மாக்காரி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “கேட்டீங்களா உங்க பொண்ணு பேச்சை? ஒண்ணு அந்தச் சிலை போகணும், இல்லே இவ படிப்பு போகணும். எது போகணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.”

மறுநாள் பல்லுக்காரர் தன் புண்ணை எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனார்.

வாரியம் ஒரு நீள மேசை. மேசையின் தலைமாட்டில் தலைவர், அவர் பக்கத்தில் வரலாற்று அறிஞர், கடைசியில், பேச அனுமதி இல்லாத நாற்காலியில், பொறியாளர். தலைவர் வாயில் இருந்தது பல்லுக்காரர் கட்டிய பல்தான். அதைக் கொண்டு தலைவர் புன்னகைத்தார்.

“சொல்லுங்க. எங்க வலிக்குது?”

“மனசுலங்க.”

“மனசுன்னா? இடப்பக்கமா, வலப்பக்கமா?”

பல்லுக்காரர் குழம்பினார். “நடுவிலேன்னு வச்சுக்கங்களேன். அந்தச் சாட்டையைப் பார்த்தா...”

அறிஞர் கையமர்த்தினார். “தம்பி, அது சாட்டைன்னு உனக்கு யார் சொன்னது? காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பார்க்கிற கருவி அது. தளபதிக்கு வானிலையில ரொம்ப ஈடுபாடு.”

“அப்போ கீழே குனிஞ்சிருக்கிறவருங்க?”

“காத்துக்குக் குனிஞ்சிருக்கார்.”

“அவர் முதுகுமேல கால் வச்சிருக்காரே?”

“பரிவு!” என்றார் அறிஞர், குரல் தழுதழுக்க. “முதுகைத் தட்டிக்கொடுக்கறார். கையில வேலை இருக்கில்லே? அதான் கால்.”

தலைவர் எழுந்து நின்றார். அவருக்கு உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசும் பழக்கம் இல்லை. “நான் அக்கரைக்காரங்களுக்கு எதிரின்னு யாரும் சொல்லிட முடியாது. என் வீட்டுத் தோட்டக்காரன் அக்கரை. சமையல்காரி அக்கரை. கார் துடைக்கிறவன் அக்கரை. பின்வாசலைத் திறந்தா என் வீட்ல அக்கரைக்காரங்கதான் நிறைஞ்சிருப்பாங்க. அந்த உரிமையில சொல்றேன். குனிஞ்சிருக்கிறது ஒரு கலை. எல்லாருக்கும் அது கைகூடாது. அதை வெண்கலத்துல வச்சு நாங்க கௌரவப்படுத்தியிருக்கோம். நீங்க என்னடான்னா புண்ணுங்கறீங்க!”

புண் உண்மையானதுதானா என்று சோதிக்க முடிவாயிற்று. பல்லுக்காரரைச் சதுக்கத்தில் சிலைக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார வைத்தார்கள். ஓர் எழுத்தர் குடை பிடித்துக்கொண்டு அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. எழுத்தர் ‘தூசி’ என்று எழுதினார். பள்ளி விட்டு, பிள்ளைகள் சிலையடிக்கு ஓடிவந்து, குனிபவள் இல்லாமல் ஆட்டம் சோபிக்கவில்லை என்று அலுத்துக்கொண்டு, “இதோ அவங்கப்பா இருக்காரே” என்று பல்லுக்காரரைச் சுட்டிக்காட்டினார்கள். மறுபடி நீர் வந்தது. எழுத்தர் சற்று யோசித்து, ‘மீண்டும் தூசி’ என்று எழுதினார்.

ஆனாலும் வாரியம் இரக்கமற்றது அல்ல. நல்லிணக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு புண்பட்டவர்கூட இல்லாமல் இருந்தால் மேலிடத்தில் கேள்வி வரும் என்று யாரோ நினைவூட்டினார்கள். எனவே பல்லுக்காரர், ‘புண்பட்டோர் பிரதிநிதி’ என்ற கௌரவப் பதவியில் அமர்த்தப்பட்டார். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: அலுவலக நேரம் முழுக்க அவர் புண்பட்ட நிலையிலேயே இருக்க வேண்டும். முதல் வாரமே தேநீர்க் கடையில் யாரோ சொன்ன நகைச்சுவைக்குச் சிரித்துத் தொலைத்தார். ‘புண் ஆறிவிட்டதா? ஆம் எனில் எவருடைய அனுமதியின் பேரில்?’ என்று குறிப்பாணை வந்தது.

பிரதிநிதியைக் கலந்தாலோசித்தது போல் பாவித்து வாரியம் எடுத்த முதல் நடவடிக்கை, திரை. சிலையைச் சுற்றிக் கம்பி நட்டு, கனத்த சிவப்புத் துணியில் திரை தொங்கவிட்டார்கள். அக்கரைக்காரர் கடக்கும்போது மட்டும் திரை மூடப்படும். மற்றவர்கள் வரலாற்றைப் பார்க்கும் உரிமை பறிபோகக் கூடாதல்லவா? யார் எந்தக் கரை என்று காவலாளிக்கு எப்படித் தெரியும்? அதற்கும் வழி செய்திருந்தார்கள். சதுக்கத்தின் நுழைவில் ஒரு பெரிய மணி. அக்கரைக்காரர் மணியை அடித்து, “நான் அக்கரை” என்று உரக்கச் சொன்னால் காவலாளி திரையை இழுப்பார்.

மகளைச் சமாதானம் செய்து பல்லுக்காரரே முதல்நாள் அழைத்துப் போனார். அவள் மணியை மெதுவாக ஒரு தட்டுத் தட்டினாள்.

“காதுல விழலை,” என்றார் காவலாளி. “நல்லா சத்தமா அடிச்சுச் சொல்லும்மா. விதி அப்படி.”

அடித்தாள். சொன்னாள். சதுக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இதுவரை அவள் அக்கரை என்று தெரியாமல் இருந்த ஓரிருவருக்கும் அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. திரை மேலிருந்து பாதி இறங்கிச் சிக்கிக்கொண்டது. தளபதி மறைந்தார். குனிந்தவர் மட்டும் நன்றாகத் தெரிந்தார்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். இப்போது ஆட்டத்தில் மணியும் சேர்ந்துகொண்டது.

அன்று மாலை மகள் பையை மறுபடியும் கூடத்து மூலையில் வைத்தாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பல்லுக்காரர் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சட்டையில் வில்லை பளபளத்தது. முறைப்படி பார்த்தால், பதவியேற்றதிலிருந்து அவர் வேலையைச் சரியாகச் செய்தது அன்றைக்குத்தான்.

தெய்வம் இருக்கிறதோ இல்லையோ, அடுத்த வாரம் தலைவரின் பல் உடைந்தது. வாரியத்தில் மேசையைக் குத்தி, “இந்த நகரம் யாருக்கும் தலைவணங்காது!” என்று முழங்கிய வேகத்தில் மேல்வரிசை கழன்று, தீர்மானத்தின் மேல் விழுந்து இரண்டாகிவிட்டதாம். தலைவர் வாயைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு, கடைக்குப் பின்வாசல் வழியாக வரப் பார்த்தார். இல்லாத பின்வாசலைத் தேடிக் களைத்துப் பிறகு முன்வாசல் வழியாக வந்தார்.

“சீக்கிழம் கட்டிக்குழுங்க. பேச முழியழை,” என்றார் தலைவர். வார்த்தைகள் வாய்க்குள் சூடாக எதையோ வைத்துக்கொண்டு இழுப்பது போல வந்தன.

பல்லுக்காரர் அவரை நாற்காலியில் சாய்த்து, கழுத்தில் துண்டு கட்டி, அச்செடுக்கும் பசையைக் குழைத்துத் தட்டில் நிரப்பி வாய்க்குள் அழுத்தினார். அச்சு இறுகும்வரை அசையக் கூடாது, பேசக் கூடாது. மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பசையை அன்று பல்லுக்காரர் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தளரவே குழைத்திருந்தார். இறுக நேரமாகும். அவசரம் ஒன்றும் இல்லை.

“அசையாதீங்க ஐயா. அசைஞ்சா முதல்ல இருந்து எடுக்கணும்,” என்றார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தலைவரின் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

“உங்களோட எப்பவாவது பேசணும்னு நெனைச்சதுண்டு. நீங்க பேசாம இருந்தாத்தானே நான் பேச முடியும்? இன்னிக்கு வாச்சுது. உங்க வீட்டுத் தோட்டக்காரர் என் சித்தப்பா. பேர் தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சா கண்ணைச் சிமிட்டுங்க.”

தலைவர் கண் சிமிட்டவில்லை.

“பரவாயில்லை. வாயில எச்சில் ஒழுகுது, நான் துடைச்சு விடறேன். அக்கரைக்காரன் கைதான், சுத்தமாத்தான் இருக்கும். என் பொண்ணு தினமும் மணியடிச்சுட்டு பள்ளிக்கூடம் போகணுமாம். உங்க பேத்தியும் அங்கதான் படிக்குது. போன வாரம் என் பொண்ணு முதுகுல நின்னது அதுதானாம். நல்ல புஷ்டியான பிள்ளை. நல்லா சாப்பிடுது போல.”

தலைவரின் தொண்டையிலிருந்து ‘ங்’ என்று ஒரு சத்தம் வந்தது.

“அசையாதீங்க. சிலையை எடுக்கச் சொல்லி இனிமே நான் கேக்கமாட்டேன். தளபதியால யாருக்கும் புண்ணில்லைன்னு நீங்களே கண்டுபிடிச்சு ஒட்டியிருக்கீங்க, என் பலகை மேலேயே. ஒத்துக்கறேன். அப்போ மிச்சம் இருக்கிறது யாரு? அந்தக் குனிஞ்சவன். அவன்தான் தொந்தரவு. அவனைப் பார்த்தாத்தான் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு. அவனை மட்டும் எடுத்துடுங்க. தளபதி உங்களுக்கு, நிம்மதி எங்களுக்கு. புண்பட்டோர் பிரதிநிதியா எழுதியே தர்றேன், அதோட புண் ஆறிடுச்சுன்னு. மேலிடத்துல உங்களுக்கு ஒரு பதக்கம்கூடக் கிடைக்கலாம். சரின்னா ‘ம்’ சொல்லுங்க.”

பதக்கம் என்றதும் தலைவரின் கண்கள் விரிந்தன. “ம்” என்றார். பிறகு இன்னும் அழுத்தமாக, “ம்ம்ம்.”

இரவு சாப்பிடும்போது அம்மாக்காரி கேட்டாள்: “அதென்னங்க, கீழே இருக்கிறவரை எடுத்துட்டா மேலே இருக்கிறவர் எதுமேல நிப்பார்?”

“அது வாரியத்தோட கவலை,” என்றார் பல்லுக்காரர். “நமக்கு எதுக்கு பெரிய இடத்துப் பேச்சு?”

புதுப் பல்லுடன் தலைவர் வாரியத்தைக் கூட்டினார். குனிந்தவரை அகற்றும் யோசனை தன் மனதில் உதித்த விதத்தை விவரித்தார். அறிஞர் பரவசமானார். குனிந்தவர் ஆதிச் சிலையில் இல்லை என்றும், பிற்காலத்து இடைச்செருகல் என்றும் அந்த இடத்திலேயே கண்டுபிடித்தார்.

பொறியாளர் கையைத் தூக்கினார். “ஐயா, ஒரு சின்ன சந்தேகம். தளபதியோட ஒரு கால் அந்தரத்துல இருக்கு. இன்னொரு கால் அவர் முதுகுல இருக்கு. மொத்த பாரமும்...”

“நிறுத்துங்க!” என்றார் தலைவர். “அதாவது, நம்ம தளபதி ஒரு அக்கரைக்காரன் தாங்கித்தான் நிக்கறார்னு சொல்ல வர்றீங்களா?”

பொறியாளர் தூக்கிய கையை இறக்கினார். “அப்படிச் சொல்லலீங்க.”

“நீங்க எந்தக் கரை?”

“இக்கரைதாங்க! எங்க பாட்டன் பூட்டன் காலத்திலேர்ந்து!”

“அப்போ இக்கரைக்காரன் மாதிரிப் பேசுங்க.”

தளபதி எக்காலத்திலும் எவருடைய தயவிலும் நின்றவரல்லர் என்று தனியாக ஒரு தீர்மானம் நிறைவேறியது. பொறியாளர் முதல் ஆளாகக் கையெழுத்திட்டார்.

விழா ஏற்பாடுகள் குறைவைக்கப்படவில்லை. சிலைக்கு நேர் முன்னால் மேடை. மேடையில் அறிஞருக்கும் தலைவருக்கும் மெத்தை வைத்த நாற்காலிகள். பக்கத்தில் வாத்தியக் கோஷ்டி. சிலை அசைவதைப் பார்த்ததும் வெற்றி கீதம் வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. குனிந்தவரின் இடுப்பில் பட்டை கட்டி, பட்டையைப் பாரம் தூக்கும் இயந்திரத்தில் மாட்டியிருந்தார்கள். பல்லுக்காரருக்கும் மேடையில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். பிரதிநிதியாக இருப்பவர் மக்களோடு நிற்பதே முறை என்று பணிவாக மறுத்து, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு சதுக்கத்தின் கடைக்கோடிக்குப் போய் நின்றுகொண்டார். பொறியாளர் அன்றைக்கு மருத்துவ விடுப்பு.

தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பெருமக்களே! காலங்காலமாக நம் தளபதியின் காலடியில் ஒட்டிக்கொண்டு, அவருடைய புகழில் பங்கு கேட்டு வந்த ஒருவருக்கு இன்று விடை கொடுக்கிறோம். இவரால் தளபதிக்கு என்ன பயன்? ஒன்றும் இல்லை! இத்தனை காலம் இவரைச் சுமந்தவர் நம் தளபதிதான்! இன்றுமுதல் அந்தச் சுமை இல்லை. இனித் தளபதி நிற்கப்போகும் கம்பீரத்தைப் பாருங்கள்!”

கைதட்டல் வானைப் பிளந்தது. தீப்பொறி தெறிக்க, குனிந்தவரின் பாதங்களைப் பீடத்திலிருந்தும் முதுகைத் தளபதியின் காலிலிருந்தும் அறுத்துப் பிரித்தார்கள். இயந்திரம் உறுமியது. குனிந்தவர், வார்த்த நாள் தொட்டு இருந்த இடத்திலிருந்து, ஒரு சாண் அளவு நகர்ந்தார்.

தளபதி முதலில் ஒன்றும் செய்யவில்லை. பிறகு, தனக்குக் கீழே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பவர் போல மெல்ல முன்னால் சாய்ந்தார். சிலை அசைந்ததைப் பார்த்த வாத்தியக் கோஷ்டி, உத்தரவுப்படி, வெற்றி கீதத்தைத் தொடங்கியது. முன்னேற்றத்தைக் குறிக்கும் கால் மேடையில் பதிந்தது. மேடை பிளந்தது. காற்றின் திசையைக் காட்டும் கருவி, தலைவரின் மெத்தை நாற்காலியை நடுவில் வகுந்துகொண்டு இறங்கியது. தலைவர் நாற்காலியில் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் மனிதர் அவ்வளவு தூரம் தாவ முடியும் என்று அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது. அறிஞரை மேடைத் துணிக்குள்ளிருந்து உருவி எடுத்தார்கள். காயம் இல்லை. ஆனால் நாலு கால்களில் இருந்தார், எழுந்து நிற்க மறுத்தார்.

தளபதி குப்புறக் கிடந்தார். மூக்கு இருந்த இடத்தில் சதுக்கத்துக் கல் இருந்தது. வெற்றி கீதம் இரண்டாம் சரணத்தை எட்டியிருந்தது.

கூட்டத்தில் எல்லோர் கண்ணும் மேலே இருந்தது. குனிந்தவர் பட்டையில் தொங்கியபடி மெதுவாகச் சுழன்று மல்லாந்தார். லாரியில் அப்படியே இறக்கினார்கள். முட்டிகள் வானத்தைப் பார்க்க, கைகள் முட்டியில் இருக்க, சாப்பிட்டுவிட்டுக் காற்றாடப் படுத்திருப்பவரைப் போல இருந்தார். அவர் முகத்தை ஊர் பார்த்தது அதுதான் முதல் தடவை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு பல்லும் விழுந்திருக்கவில்லை.

“அப்பா, உனக்கு முன்னாடியே தெரியுமா?” என்றாள் மகள்.

“என்னது பாப்பா?”

“விழும்னு.”

பல்லுக்காரர் சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார். “கம்பீரமா நிப்பார்னுதான் தலைவர் சொன்னார். நான் வேற கரை. எனக்கு என்ன தெரியும்?”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அலுவலக நேரமாக இருந்தும் பல்லுக்காரர் சிரித்தார். யாரும் குறிப்பாணை கொண்டுவரவில்லை. எழுத்தர் ஓடிப் போயிருந்தார்.

மறுநாள் மகள் பையை எடுத்துக்கொண்டு சதுக்கத்தின் நடுவாகப் போனாள். மணியை அடிக்கவில்லை. தளபதியைத் தூக்க இயந்திரத்துக்குப் பலம் போதாததால் அவர் கிடந்த இடத்திலேயே கிடந்தார். பிள்ளைகள் வழக்கம் போலச் சிலையடியில் கூடியிருந்தார்கள். சிலை ஆட்டத்தை இனி எப்படி ஆடுவது என்று வாக்குவாதம். தளபதியாக இருப்பவர் குப்புற விழ வேண்டும், அவ்வளவுதானே என்றான் ஒருவன். தலைவரின் பேத்தி முறை வந்தது. அவள் மெதுவாகக் குந்தி, கையை ஊன்றிப் படுத்தாள்.

மகள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு நின்று பார்த்தாள். “கையெல்லாம் ஊனக் கூடாது,” என்றாள். “மறுபடியும் விழு.”

பள்ளி மணி அடிக்கும்வரை விழ வைத்தாள்.

விபத்து பற்றி விசாரிக்க வாரியமே வாரியத்தை நியமித்தது. சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். அறிஞர், தளபதி விழவில்லை என்றும், மண்ணை முத்தமிட விரும்பியது அவருடைய நாட்டுப்பற்றைக் காட்டுகிறது என்றும் சாட்சியம் அளித்தார். அது கருணையோடு பதிவு செய்யப்பட்டது. முடிவில், மேற்படி சேதம் அனைத்துக்கும் காரணம், குனிந்தவர் முறையான மாற்று ஆள் இல்லாமல் பணியிடத்தை விட்டு நீங்கியதே என்று ஒருமனதாகக் கண்டறியப்பட்டது. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டு அவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள்.

அவர் இன்னும் பதில் தரவில்லை.